லாரியை முந்த எத்தனை மீட்டர் காலி வேண்டும்? – வாகன ஓட்டிகளின் கேள்வி பதில்

கேள்வி: இருவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியை முந்த, எதிரே எவ்வளவு தூரம் காலியாக இருக்க வேண்டும்? என் கணக்கு அடிக்கடி தப்பி, கடைசி நேரத்தில் இடித்துப் பிடித்து உள்ளே வருகிறேன்.

பதில்: லாரியின் நீளத்தை மட்டும் மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள், அதனால்தான் தப்புகிறது. லாரிக்கு 20 மீட்டர் பின்னால் தடம் மாறுகிறீர்கள். லாரியின் நீளம் 12 மீட்டர். அதைத் தாண்டி 20 மீட்டர் விட்டுத்தான் உங்கள் தடத்துக்குத் திரும்ப வேண்டும். உங்கள் கார் 4 மீட்டர். ஆக, லாரி ஓடுவதைவிட 56 மீட்டர் கூடுதலாக நீங்கள் ஓடியாக வேண்டும். நீங்கள் 80-ல் போனாலும் லாரியைவிட 20 கிலோமீட்டர்தான் அதிகம். அது நொடிக்கு ஐந்தரை மீட்டர். எனவே முந்தி முடிக்க 10 நொடி ஆகும். அந்தப் 10 நொடியில் நீங்கள் சாலையில் 220 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே ஒருவர் 80-ல் வந்தால் அவரும் 220 மீட்டர் நெருங்கியிருப்பார். கொஞ்சம் கையிருப்பும் சேர்த்தால் அரை கிலோமீட்டர் காலியாக இருந்தாக வேண்டும். இது ஏற்கெனவே 80-ல் ஓடிக்கொண்டிருப்பவருக்கான கணக்கு. லாரியை ஒட்டி 60-ல் போய்விட்டு, அங்கிருந்து வேகம் பிடிப்பவருக்கு இதுவும் போதாது.

இன்னொரு சிக்கல் நம் கண். நேர் எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தூரத்திலிருந்து கண்ணால் அளக்க முடியாது. வெகுநேரம் ஒரு புள்ளியாகவே நிற்கும், கிட்டே வந்ததும் சட்டென்று பெரிதாகும். இரவில் ஒற்றை விளக்கு தெரிந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு விளக்கு எரியாத லாரியாகவும் இருக்கலாம்.

முந்த நினைப்பவர் லாரியின் வாலில் ஒட்டக் கூடாது. இரண்டு மூன்று நொடி இடைவெளி விட்டால்தான் அதன் ஓரமாக எதிர்ச்சாலை தெரியும். முன்னே ஒருவர் முந்துகிறார் என்பதற்காக அவர் பின்னாலேயே நுழைவது மிக மோசமான பழக்கம். அவர் பார்த்த சாலையை நீங்கள் பார்க்கவில்லை. பாதியில் சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் வேகத்தைக் குறைத்துப் பின்வாங்குங்கள். அப்படிப் பின்வாங்க உங்களுக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே மிரரில் பார்த்து வைத்திருக்க வேண்டும். முந்தப்படுபவரும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்துவிட்டால், அந்த ஒரு நொடி பல உயிர்களைக் காக்கும்.

கேள்வி: சந்திப்பில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காரை நகர்த்தினேன். யாருமே இல்லை. ஆனால் பைக் ஒன்று மோதும் அளவுக்கு வந்துவிட்டது. எங்கிருந்து வந்திருக்கும்?

பதில்: நீங்கள் பார்த்தபோதும் அது அங்கேயேதான் இருந்திருக்கும். முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, அது மறைத்திருக்கும். ஒரு சாண் அகலம்கூட இல்லாத தூண் ஒரு பைக்கையே மறைக்குமா என்று தோன்றலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, கட்டை விரலைத் தூக்கிப் பாருங்கள். 50 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் அதற்குப் பின்னால் போய்விடுவார். இரண்டு கண்ணாலும் பார்த்தால் மறைவு குறையும், ஆனால் தூண் விரலைவிடப் பலமடங்கு அகலம்.

இதில் ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. நீங்களும் பைக்கும் ஒரே புள்ளியை நோக்கி, ஒரே நேரத்தில் சேரும்படி சீரான வேகத்தில் வந்தால், உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது அந்த பைக் இருக்கும் திசை மாறவே மாறாது. தூணுக்குப் பின்னால் மறைந்தது மோதும் வரை மறைந்தே வரும். மோதப்போகிற வண்டிதான் கண்ணில் படாமல் வருகிறது!

மற்றொன்று, தலையை வேகமாகத் திருப்பும்போது கண் இடைவிடாமல் பார்ப்பதில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. தாவும் நேரத்தில் மூளை எதையும் பதிவு செய்வதில்லை. அதனால் ஒவ்வொரு பக்கமும் தூரம், நடு, அருகில் என்று மூன்று இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து முன்னால் சாய்ந்து ஒருமுறை, பின்னால் சாய்ந்து ஒருமுறை பார்த்தால், தூணுக்குப் பின்னால் இருப்பது வெளியே வந்துவிடும். தூணை ஒட்டி மொபைல் ஸ்டாண்டு வைத்திருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: சந்திப்பில் திரும்பும் லாரிக்குப் பக்கத்தில் பைக்கில் நிற்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உள்பக்கத்தில் இடம் விட்டு லாரி சற்று விலகிப் போவதைப் பார்த்து, “வழி விடுகிறார்” என்று நினைத்து நுழைகிறார்கள். சில நொடியில் அந்த இடம் மூடிவிடும். லாரியின் சைடு மிரரில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. லாரியின் மூக்குக்குக் கீழே ஒட்டி நிற்பதும் அப்படித்தான். பின்னால் நின்று, அது முழுவதும் திரும்பிய பிறகு போங்கள்.

கேள்வி: மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது ஏன்? பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடலாமா?

பதில்: நியூட்ரலில் விடவே விடாதீர்கள். கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தச் சுமை முழுவதும் பிரேக் மேல் விழுகிறது. இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டாலே எரிபொருள் செல்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகிறது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் (L, தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பெடலில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். எடுத்த நேரத்தில் பிரேக்குக்குக் காற்றுப் பட்டுச் சூடு இறங்கும்.

கருகல் வாடை வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பிரேக் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். பெடல் உள்ளே போனால் விட்டு விட்டு மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். நிறுத்திய பிறகு சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

கேள்வி: மழையில் 60-ல் போவது அதிகமா?

பதில்: உலர்ந்த சாலையில் 60-லிருந்து நிற்கச் சுமார் 20 மீட்டர், ஈரத்தில் 35 மீட்டர் வரை ஆகும். கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடிக்கு 17 மீட்டரைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தூறலில் எண்ணெயும் தூசியும் கலந்து மிதக்கும், அப்போதுதான் அதிகம் வழுக்கும். தேங்கிய நீரில் ஸ்டீயரிங் திடீரென லேசானால் டயர் நீர்மேல் மிதக்கிறது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை ஆட்டாமல், ஆக்ஸிலேட்டரை மட்டும் விடுங்கள்.

கேள்வி: தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறந்து, பாட்டுப் போட்டுச் சமாளிக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை 3, 4 நொடி தூங்கிவிடும். 80-ல் 4 நொடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, தடக்கோட்டைத் தொடுகிறீர்கள் என்றால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். விடிவதற்கு முந்தைய சில மணி நேரமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரமும் மோசமானவை. காபி வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். அதனால் முதலில் குடித்துவிட்டு, அலாரம் வைத்து 15–20 நிமிடம் தூங்குங்கள். எழுந்ததும் சாவியைத் திருகாமல் இறங்கி ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். அப்போதும் கண் சொக்கினால் அன்றைய பயணத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.