மைக் பிடித்துச் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 42 வயது. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல் பாகம் தைக்கிறேன். வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் தோல் பதனிடும் டிரம் பார்க்கிறவர். பெண் காலேஜ் இரண்டாம் வருஷம், பையன் பத்தாவது. இதை அக்கம்பக்கத்தில் சொன்னால் 'உனக்கு இப்போ என்னம்மா குறை' என்றுதான் கேட்பார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் 17 வருஷம் குடித்தார். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, குடியை விட்டு இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. கர்த்தர் செய்த அற்புதம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது கை நீட்டுவதும் இல்லை. ஆனால் மாசாமாசம் சபையின் விடுதலைக் கூட்டத்தில், கர்த்தர் தன்னை மாற்றியதைச் சாட்சியாகச் சொல்ல அவரைக் கூப்பிடுகிறார்கள். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று வெளியூர் சபைகளிலும் கூப்பிடுகிறார்கள். மைக்கைப் பிடித்து, "என் மனைவியை இட்லிப் பானை மூடியால் மண்டையில் அடித்தவன் நான்" என்கிறார். எல்லாரும் கைதட்டி அல்லேலூயா சொல்கிறார்கள். அடிபட்ட மண்டை என்னுடையது அம்மா. போன மாசம் என் பெண் தன் காலேஜ் தோழியை கூட்டி வந்திருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பெண் அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை.

இன்னொன்று. "ஒரே ராத்திரி ஜெபத்தில் கர்த்தர் என்னைத் தொட்டார், காலையில் எழுந்தேன், குடி ஆசை இல்லை" என்கிறார். ஒரே ராத்திரியா? குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். என்னையே யார் என்று கேட்டார். நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினேன். அந்தக் கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. வட்டி என் சம்பளத்தில்தான் போகிறது. சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் மட்டும் அவர் ஒரு மாசம் தவறவில்லை.

முன்பெல்லாம் சபைச் சகோதரிகள் வீட்டுக்கு வந்து என் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். இப்போது யாரும் வருவதில்லை, 'கொடுத்து வைத்தவள்' என்கிறார்கள். வீட்டில் எது வாங்கினாலும் அவரிடம் கேட்க வேண்டுமாம், புருஷன்தான் தலையாம். 17 வருஷம் தலை எங்கே போயிருந்தது? பையன் பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் அரை மணி நேரம் பிரசங்கம். குடித்தபோதாவது பேசாமல் விழுந்து கிடப்பார் என்று சில நாள் தோன்றும், பாவம் என்று மனசைக் கட்டுவேன்.

கிறிஸ்துமஸுக்குப் பரண் சுத்தம் செய்தேன். ஒட்டடை அடித்து, பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்த்து, பழைய துணிகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். அப்போது பழைய ட்ரங்க் பெட்டிக்குப் பின்னால் அவர் எப்போதோ ஒளித்த குவாட்டர் பாட்டில் ஒன்று கிடைத்தது, சீல்கூட உடைக்காதது. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், கொட்ட நேரம் கிடைக்கவில்லை. அதை விடுங்கள், இந்த ஈஸ்டருக்கும் சாட்சிக்கு அவர் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.

கூட்டம் நடக்கும்போது நான் வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்றுகொள்கிறேன். பாஸ்டர் அம்மா, "உனக்குள் கசப்பின் வேர் இருக்கிறது சகோதரி, மன்னித்துவிடு" என்கிறார். எனக்கு ஜெபமே வரவில்லை. அவரைச் சாட்சி சொல்ல வேண்டாம் என்று தடுப்பது பாவமா? இதை மட்டும் சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், வாலாஜா

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாவம் இல்லை. உங்கள் மண்டையில் பட்ட அடியை ஊருக்குச் சொல்ல உங்கள் அனுமதி வேண்டும். பெண் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதைச் சொல்ல அவளுடைய அனுமதியும் வேண்டும். சரி, இது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குக் கிடைத்தது, இப்போது ஈஸ்டர் வருகிறது. நாலு மாசம். பரணையே கவிழ்த்துக் கழுவிய கைக்கு ஒரு குவாட்டரைச் சாக்கடையில் கவிழ்க்க நேரம் இல்லையா? எழுதிவிட்டு உடனே 'அதை விடுங்கள்' என்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், என்னால் அதை மட்டும் விட முடியவில்லை. சீல் உடைக்காதது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எடுத்துத் திருப்பிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள் என நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் அவர் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் மனசின் ஒரு மூலை காத்திருக்கிறது. அவர் விழுந்தால் அந்த மைக் மறுபடி வராது. சகோதரிகள் மறுபடி வீட்டுக்கு வருவார்கள். நீங்கள் பட்டதெல்லாம் உண்மை என்று ஊர் ஒப்புக்கொள்ளும். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் பூசி மெழுகுவதாக இருக்கும். குடியை விட்டவரின் சமையலறையில் பாட்டில் வைத்திருப்பது நியாயம் இல்லை. அவர் உங்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தாலும் இது நியாயம் இல்லை.

இந்த ஆசை உங்களைக் கெட்டவராக்கவில்லை. இதே அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ மனைவிகள் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். 17 வருஷம் அந்த வீட்டின் காவல்காரர் நீங்கள். இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் மூடும், அதற்குப் பிறகு கேட் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருப்பீர்கள். சம்பளம், பள்ளிக்கூடம், அரிசி, கடன் எல்லாம் உங்கள் கையில். அவர் ஒரு நாள் மனம் மாறி வந்தார். சபை அவரைச் சேர்த்துக்கொண்டது, வீட்டில் தலை ஸ்தானமும் திரும்பக் கிடைத்தது. உங்களை மட்டும் 'காவல் முடிந்தது, போய்ப் படுங்கள்' என்று யாரும் அனுப்பி வைக்கவில்லை. பட்டதற்குச் சாட்சியாக உங்கள் கையில் மிஞ்சியது அந்தப் பாட்டில் ஒன்றுதான். அதை ஒரு பத்திரம் மாதிரி வைத்திருக்கிறீர்கள்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நோயாளியோடு வீட்டு மனிதர் ஒருவரும் கூடவே தங்குவது அங்கே நெடுங்கால வழக்கம்.  குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அப்போதே புரிந்துகொண்டார்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கிறது.

அந்த மூன்றாம் நாளைப் பற்றி ஒன்று. வருஷக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் நடுக்கம், குழப்பம், இல்லாததைக் காண்பது எல்லாம் வரலாம், வலிப்பும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். நீங்கள் ஆட்டோ பிடிக்காமல் இருந்திருந்தால் சாட்சி சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார். நான் போதகர் இல்லை, மிஷன் பள்ளியில் படித்தவள், அவ்வளவுதான். பைபிளில் இயேசு செத்தவனான லாசருவை எழுப்பினார், அவன் கல்லறையிலிருந்து உயிரோடு வந்தபோதும் கைகால் கட்டோடுதான் வந்தான். இயேசு பக்கத்தில் நின்றவர்களிடம்தான் கட்டை அவிழ்க்கச் சொன்னார். கர்த்தர் தொட்டார் என்று உங்கள் கணவர் சொல்வது பொய் இல்லை. கட்டை அவிழ்த்த கையைச் சொல்லாமல் விடுகிறார், அதுதான் தப்பு.

அதே பள்ளியில் கேட்ட இன்னொரு கதை உங்களுக்காகவே எழுதினது மாதிரி இருக்கிறது. அப்பாவின் சொத்தை அழித்துவிட்டு ஊதாரி மகன் திரும்பி வந்த அன்று, அவன் அண்ணன் எங்கே இருந்தான்? வயலில் வேலை செய்துகொண்டிருந்தான். வேலை முடிந்து வருகிறான், உள்ளே பாட்டும் ஆட்டமும் கேட்கிறது, வாசலிலேயே நின்றுவிடுகிறான். கம்பெனி பஸ்ஸில் இறங்கி, செருப்பு விடும் இடத்தில் நிற்கிறீர்களே, அதே இடம். பிரசங்கத்தில் அவனைப் பொறாமைக்காரன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அத்தனை வருஷம் உழைத்தவனுக்கு வயிறு எரியாதா? கதையில் பாருங்கள், அப்பா உள்ளேயிருந்து ஆள் அனுப்பி அதட்டவில்லை. விருந்தை விட்டுத் தானே எழுந்து வெளியே வந்து அவனைக் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவே இல்லை.

உங்களிடம் அப்படி எழுந்து வர வேண்டியவர் உங்கள் கணவர். அவர் வரவில்லை, மைக்கிடம் போய்விட்டார். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பன்னிரண்டு படிகள் வைத்திருக்கிறது. ஒன்பதாவது படி, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடமே நேராகப் போய் ஈடு செய்வது, அதனால் அவர்களுக்கு மேலும் காயம் ஆகும் என்றால் ஒழிய. ஊர் முன்னால் சொல்வதைவிட இது பல மடங்கு கஷ்டம். ஊர் கைதட்டும், நீங்கள் தட்ட மாட்டீர்கள். அதனால்தான் அவர் அந்தப் படியில் கால் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். மன்னிப்பைப் பற்றி பாஸ்டர் அம்மா சொன்னது இருக்கட்டும். உங்களிடம் இன்னும் யாரும் மன்னிப்பே கேட்கவில்லை, கேட்காததைக் கொடுக்கவில்லை என்று ஜெபம் வராமல் தவிக்காதீர்கள். கர்த்தரிடம் கோபமாக இருந்தால் கோபமாகவே பேசுங்கள். பைபிளின் சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன.

பாட்டிலை அவர் எதிரில் திறக்க வேண்டாம். அந்த வாடையே சிலருக்குப் போதும். அவர் ஷிப்டுக்குப் போன நேரத்தில் கொட்டி, தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சொல்லுங்கள்: கிடைத்தது, நாலு மாசம் வைத்திருந்தேன், இன்றைக்குக் கொட்டினேன். ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் உங்கள் பேச்சு தொடங்கும். ஒரு மணி நேரம் அவர் பதில் பேசாமல் கேட்க வேண்டும், வசனம் சொல்லக் கூடாது என்று முன்னாலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முடியாது, கோபம் வருகிறது என்றால் இரண்டு பேருமாகப் பாகாயம் போய் ஒரு ஆலோசகர் எதிரில் உட்காருங்கள். குடிகாரர்களின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற குழுக்களும் உண்டு. நீங்கள் தனியாகப் போவதற்கு அதுவும் நல்ல இடம்.

அப்புறம் அந்தக் கம்மல். பைபிளில் வரி வசூலிப்பவனான சகேயு, இயேசுவைப் பார்க்க ஏறிய மரத்திலிருந்து இறங்கி அவரை வரவேற்றதும் கணக்குப் பார்த்தான். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். உங்களுக்கு நாலு மடங்கு வேண்டாம், ஒரு ஜோடி போதும். தசமபாகம் எடுத்து வைக்கும் கவர் பக்கத்தில் இன்னொரு கவர் வைக்கச் சொல்லுங்கள். பணம் சேர்ந்ததும் ரசீதை அவர் கையில் கொடுங்கள். கடைக்குள் அவர் தனியாகப் போய் மீட்டுக்கொண்டு வரட்டும், அன்றைக்கு நீங்கள் வெளியே நின்றால் போதும்.