கிணற்றடிக் காளானும் பனையோலைக் குடையும்

கேள்வி: கடந்த மாரியில் எங்கள் வளவில் முளைத்த காளான்களைப் பார்த்து வரையத் தொடங்கினேன். இப்போது களிமண்ணிலும் துணியிலும் செய்து பார்க்கிறேன். ஆனால் எதைச் செய்தாலும் படங்களில் வரும் சிவப்புக் குடையும் வெள்ளைப் புள்ளியுமான பொம்மையாகவே முடிந்துவிடுகிறது. ஊத்தையில் முளைப்பதை ஏன் வீட்டுக்குள் கொண்டு வருகிறாய் என்று மாமி கோபிக்கிறார். அவர் பனையோலையில் அருமையாக இழைப்பவர். உண்மையான காளானைக் கைவினையில் பயன்படுத்தலாமா? நான் செய்பவற்றை விற்க முடியுமா?
– வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் ஈடுபாடு வீண்வேலை அல்ல. பின்னாளில் சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர், இளம் வயதில் நூற்றுக்கணக்கான காளான்களை நீர்வண்ணத்தில் தீட்டியவர். அவற்றின் வித்திகள், அதாவது விதை போல இனம் பெருக்கும் நுண்தூள், முளைக்கும் விதம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897இல் இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான இலண்டன் லினியன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது. வரைவதற்காக உற்றுப் பார்த்த கண்தான் அவரை அந்த ஆராய்ச்சி வரை கொண்டுசென்றது.

உங்களைத் தடுப்பது அந்தச் சிவப்புக் குடைதான். அது குளிர்நாட்டுப் பிர்ச், பைன் மரங்களின் வேரோடு கூடி வாழும் நச்சுக் காளான். பாலையூற்று வளவு எதிலும் நீங்கள் அதைக் காணப்போவதில்லை. நேரில் காணாத ஒன்றைச் செய்யும்போது கை இன்னொருவருடைய படத்தைத்தான் திருப்பிச் செய்யும். ஆகவே ஓராண்டுக்காவது சிவப்பு வண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஐப்பசி தொடங்கித் தை வரை நம் மாரி தருவதை மட்டும் வரையுங்கள். கறையான் புற்றருகே கூரிய நுனியோடு எழும் காளானைத் தோண்டிப் பார்த்தால், அதன் தண்டு வேர் போல நீண்டு நிலத்துக்கடியில் உள்ள கறையான் கூடு வரை இறங்கியிருப்பதைக் காண்பீர்கள். அந்த நீண்ட தண்டை எந்தப் பொம்மையிலும் நான் கண்டதில்லை.

அடுத்து, குடையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். காளானின் அழகில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நன்றாக விரிந்த ஒரு காளானின் தண்டை வெட்டி நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒட்டிய கடதாசியில் அடிப்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, காற்றுப் படாமல் ஒரு கோப்பையால் மூடி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் குடையை மெல்லத் தூக்கினால், மடிப்புத் தகடுகளின் இடையிலிருந்து உதிர்ந்த வித்திகள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் மெல்லிய கோடுகளாகப் படிந்திருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, மண்ணிறம், கறுப்பு என்று அந்தப் பதிவின் நிறம் இனத்துக்கு இனம் மாறும். விரல் பட்டால் கலைந்துவிடும் என்பதால் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் சற்று எட்டத்தில் பிடித்து இலேசாக அடித்து உறையச் செய்யுங்கள். பிறகு அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதியெடுத்தால், துணியில் தையல் போடுவதற்கு வேறெவரிடமும் இல்லாத கோலம் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

மழையில்லாத மாதங்களில் பட்ட கொப்புகளைத் தேடுங்கள். விரல்நகம் அளவில், சாம்பல் கலந்த வெண்மையில், மேலே பஞ்சு போன்ற மயிரோடு விசிறி விசிறியாக ஒட்டியிருக்கும் சிறு காளான் அண்டார்ட்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. அதன் அடித்தகடு ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் அந்தப் பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும், ஈரம் பட்டால் மீண்டும் விரியும். காய்ந்த கொப்பொன்றை நனைத்து வைத்து, அது விரிவதைப் படிப்படியாக வரைந்து பாருங்கள். ஒரு காதணித் தொகுதிக்கே அது போதும்.

இனி உங்கள் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கூரிய நுனியுள்ள புற்றுக்காளானின் குடை அதிலேயே இருக்கிறது. குருத்தோலையைச் சிறு அளவில் அப்படி இழைப்பதும், அடியில் ஓலையை மடிப்பு மடிப்பாக வைத்துத் தகடுகளாக்குவதும் மாமியின் கைக்குத் தெரிந்த வேலை. உங்களுக்கோ எங்கே மடிப்பு வர வேண்டும் என்று தெரியும். சட்டியையும் குப்பையையும் அவர் முன் கொண்டுபோய் வைக்காமல், வரைந்த கொப்பியைக் கொண்டுபோய், “மாமி, இந்த வளைவை ஓலையில எப்பிடிக் கொண்டு வாறது?” என்று கேளுங்கள். காளானை வெறுப்பவர்கூட இழைப்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

உண்மையான காளானைப் பயன்படுத்தலாமா என்றால், மென்மையான குடைக்காளான் வேண்டாம் என்பதே என் பதில். அதில் பெரும்பகுதி நீர். காயும்போது சுருங்கிக் கறுத்துப் புழு வைக்கும். மரத்தில் தட்டுத் தட்டாக வளரும் கட்டைக்காளான் அப்படியல்ல, வெயிலில் நன்கு காய்ந்தால் பல ஆண்டுகள் இருக்கும். அவற்றுள் சில வகைகளின் அடிப்பக்கம் பச்சையாக இருக்கும்போது பால்வெள்ளையாக இருக்கும். ஊசியால் கீறினால் கீறிய இடம் மண்ணிறமாக மாறி, காய்ந்தபின் அந்தச் சித்திரம் அப்படியே நின்றுவிடும். கீறத் தொடங்குமுன் நன்றாக யோசியுங்கள், ஏனெனில் அழிக்க முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வரைவதற்குக் கொண்டு வந்த காளான் எதுவும் அடுப்படிக்குப் போகக் கூடாது. மழைக்குப்பின் புல்தரையில் எழும் பெரிய வெள்ளைக் காளான் ஒன்று உண்ணத் தகுந்தது போலவே தோன்றும். அதன் வித்திப் பதிவு மங்கிய பச்சையாக இருக்கும், உண்டவரைக் கடும் வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் தள்ளிவிடும். தொடுவதால் நஞ்சு ஏறாது. ஆயினும் கையைக் கழுவுங்கள், சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

விற்பனைக்கு நம் ஊரின் பருவமே துணை. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெளியூரார் வருவது பெரும்பாலும் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில். காளான் வருவதோ மாரியில். மழையில் வரைந்து, மாசி பங்குனியில் இழைத்து முடித்தால் சித்திரையில் பொருள் தயாராக இருக்கும். முதலில் ஒரே இனத்தைத் தேர்ந்து, அதைப் பெரிதும் சிறிதுமாக ஒரு கொத்துச் செய்து, எந்த மரத்தடியில் கண்டது என்பதைச் சிறு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். விலை வைக்கும்போது மாமியின் இழைப்புக் கூலியையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.