‘திஸ் லைஃப்’ தொடரில் கேமரா ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறது?

1996, 1997 ஆண்டுகளில் பிபிசி 2 ஒளிபரப்பிய ‘திஸ் லைஃப்’, லண்டனில் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஐந்து இளம் சட்டத்துறையினரின் கதை. அதில் தெரியும் அசைவுக்குக் காரணம், கேமராவைத் தாங்கியில் நிறுத்தாமல் கையிலோ தோளிலோ ஏந்திப் படம்பிடிக்கும் முறையாகும்.

தாங்கியில் நிற்கும் கேமராவுக்கு முன் நடிகர்கள் குறித்த இடத்தில்தான் நிற்க வேண்டும். கோணம் மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். கையில் ஏந்திய கேமரா நடிகரைப் பின்தொடர்ந்து வீடெங்கும் செல்வதால் நேரமும் செலவும் மிச்சமாகின்றன. எனினும், சிக்கனத்தைவிட அது தரும் நெருக்கமே முக்கியமானது என்று கருதுகிறேன். சமையலறையில் இருவர் வாக்குவாதம் செய்கையில் நாம் பேசுபவரையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சொல் விழுந்த பிறகு, அது தைத்த முகத்தை நோக்கித் தலையைத் திருப்புகிறோம். இத்தொடரின் கேமராவும் அவ்வாறே திரும்புவதால், பார்ப்பவர் அவ்வீட்டின் ஆறாவது ஆளாகிவிடுகிறார். நிர்வாகத் தயாரிப்பாளர் டோனி கார்னெட், வீடற்றோர் பற்றிய ‘கேத்தி கம் ஹோம்’ (1966) நாடகத்தைத் தயாரித்த காலத்திலேயே இந்த ஆவணப்பட நடையைக் கையாண்டவர்.

காட்சிகள் இவ்வளவு இயல்பாக இருப்பதால் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பார்கள் என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் ஏமி ஜென்கின்ஸ் உருவாக்கிய இத்தொடர், எழுத்தாளர்கள் முன்கூட்டியே எழுதிய திரைக்கதைகளின்படி எடுக்கப்பட்டது.