பொங்கலன்று மெல்பேர்ணில் இருக்கும் மகனுக்கு என்ன வேலை?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மகன் மெல்பேர்ணில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன தீபாவளிக்கு வீடியோ கோல் எடுத்தோம். போனை ஆளுக்காள் கைமாற்றி, எல்லாரும் "சாப்பிட்டியோ" என்று கேட்டு, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "டிவி பார்த்த மாதிரி இருந்தது" என்று பிறகு தங்கைக்கு எழுதியிருக்கிறான். அவளும் இங்கே கணினிதான் படிக்கிறாள். தைப்பொங்கலுக்கு அண்ணாவுக்காக ஒரு செயலி செய்யப்போகிறாளாம். எப்படிச் செய்தால் பயன்படும்? அல்லது பெரிய திரையாக ஒன்று வாங்கிவிடுவதா?

பதில்: திரை வேண்டாம். நீங்கள் 55 அங்குலத் திரை வாங்கினால் அவனைப் பெரிதாகப் பார்க்கப்போவது நீங்கள்தான். அவன் கையில் அதே போன்தான் இருக்கும்.

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பதுதான் என் தொழில். ஆனாலும் இதில் நான் முதலில் கேட்பது வேறு. மகன் வீட்டில் இருந்த காலத்தில் பொங்கல் காலையில் அவனுக்கு என்ன வேலை? கரும்பு கட்டினானா, தேங்காய் துருவினானா, பால் பொங்கும்போது வெடி கொளுத்தினானா? அந்த வேலை போனதோடு அவன் விருந்தாளி ஆகிவிட்டான். விருந்தாளியிடம் "சாப்பிட்டியோ" என்பதைவிட வேறென்ன கேட்பது?

ஆகவே ஒரு வேலை கொடுங்கள். நேர வித்தியாசத்தையே அதற்குப் பயன்படுத்தலாம். தை மாதத்தில் மெல்பேர்ணில் கோடைகால நேரம். எங்களைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். கொழும்பில் விடிய 4.30 என்றால் அங்கே காலை 10.00. வீட்டை எழுப்பும் பொறுப்பை அவனிடம் விடுங்கள். அன்று ஒருவரும் அலாரம் வைக்கக்கூடாது. அவன் கோல் எடுத்து, "அம்மா எழும்புங்கோ, இன்னும் பானை கழுவேல்லையோ" என்று கத்தட்டும். (கனடாவில் படிக்கும் பிள்ளைக்கு இது சரிவராது. ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் பின்னேரம் 6.00 மணி.)

அடுத்தது கோலம். முதல்நாளே அவன் கொப்பியில் புள்ளி வைத்து வரைந்து படம் எடுத்து அனுப்ப, தங்கை அதைப் பார்த்து மாவால் போடவேண்டும். அவள் ஒரு புள்ளியை விட்டுவிடுவாள், அவன் கண்டுபிடிப்பான், சண்டை வரும். வரட்டும். அண்ணனும் தங்கையும் சண்டை பிடிக்காத பெருநாள் ஒரு பெருநாளா?

கொழும்பில் தை நடுப்பகுதியில் சூரியன் 6.25 அளவில் உதிக்கும், அங்கே 11.55. பொங்கல் அங்கே விடுமுறை இல்லை, கோடை விடுமுறையில் மாணவர்கள் பலர் கடைகளில் வேலைக்கு நிற்பார்கள். அன்று ஷிப்ட் உண்டா என்று இப்போதே கேட்டுவையுங்கள். இருந்தால் அவனுக்காகப் பொங்கும் நேரத்தைத் தள்ள வேண்டாம். அந்த நேரத்தில் வீட்டுச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கள். படம் தேவையில்லை. பஸ்ஸில் காதில் போட்டுக் கேட்பான்.

சத்தம் என்றதும் என் வீட்டுக் கதை ஒன்று. அக்கா குடும்பம் ரொறன்ரோவில். சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு ஸூமில் இணைந்திருந்தோம். அப்பா சாமியறையில் மணி அடிக்கிறார், நான் பெருமையாகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அக்காவின் மகன் கேட்டான்: "மாமா, அம்மப்பா மணியை ஆட்டுறார், சத்தம் ஒண்டும் வரேல்லையே?" இந்தத் தொழிலில் இருந்துகொண்டு எனக்கு அது உறைக்கவில்லை. வீடியோ கோல் மென்பொருள்கள் மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வெட்டும். மணி, சங்கு, வெடி, பால் பொங்கும் சத்தம் எல்லாம் அதற்கு இரைச்சல்தான். அலுவலகக் கூட்டத்துக்குச் செய்த பொருள் அது. கூட்டத்தில் யார் சங்கு ஊதுவார்கள்? ஸூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவைப் போட்டால் வெட்டாது. ஐபோனில் ஃபேஸ்டைம் என்றால் மைக் தெரிவை 'வைட் ஸ்பெக்ட்ரம்' ஆக்குங்கள். முதல்நாள் ஒருதரம் மணி அடித்துச் சோதியுங்கள்.

சேர்ந்து தேவாரம் பாட முயலவேண்டாம். கொழும்புக்கும் மெல்பேர்ணுக்கும் இடையே 8,000 கிலோமீற்றருக்கு மேல். இணையக் கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். நேர்கோட்டில் கேபிள் இருந்தாலே ஒரு வழிக்கு 40 மில்லிசெக்கன். கேபிள் சுற்றிப்போவதும் மென்பொருளின் தாமதமும் சேர்ந்தால் அதன் பல மடங்கு. கதைப்பதற்கு 150 மில்லிசெக்கன் வரை உறுத்தாது, ஆனால் சேர்ந்து பாட 30க்குள் இருக்கவேண்டும். ஒருவர் பாட மற்றவர் கேளுங்கள். முதல் அடியை அவன் எடுக்கட்டும்.

போன் இரண்டு வையுங்கள். ஒன்று அடுப்பைப் பார்க்க, மற்றது ஆட்களைப் பார்க்க, இரண்டும் ஒரே குழுக் கோலில். ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். அடுப்புப் போனை நெருப்புக்கு நேரே வைத்தால் கமெரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பானை கரிக்கட்டி மாதிரித் தெரியும். ஆவி அடிக்காத தூரத்தில், சற்று மேலிருந்து பானையின் வாயைப் பார்க்கிறமாதிரிச் சாய்த்து வையுங்கள். நுரை எந்தப் பக்கம் வழிகிறது என்று முதலில் சொல்வது அவன் வேலை. முக்கியமாக, இரண்டு போனும் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். கை மாறத் தொடங்கினால் பழையபடி விசாரணைதான்.

அவனும் தன் அறையில் சின்ன ரைஸ் குக்கரில் பொங்கட்டும். வறுத்த பயறு, கஜு, முந்திரிகை வற்றல் எல்லாம் அங்கேயே வாங்கலாம். மாவிலை, வெற்றிலை, மஞ்சள் இலை எதையும் பார்சலில் வைக்காதீர்கள். அவுஸ்திரேலியா பச்சைத் தாவரங்களை உள்ளே விடாது.

இனி மகளின் செயலி. எனக்கு அதில் விருப்பமில்லை. அண்ணா ஒருவனுக்காகச் செய்யும் செயலியைப் பொங்கல் முடிய ஒருவரும் திறக்கமாட்டார்கள். அதைவிட ஒரு விளக்குச் செய்யட்டும். மாணவர் விடுதிகள் பலவற்றில் திரி கொளுத்தக்கூடாது, கற்பூரப் புகைக்குத் தீ அலாரம் அடித்துவிடும். அதனால் அவன் மேசையில் ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கு. இங்கே நீங்கள் குத்துவிளக்கு ஏற்றிப் பக்கத்தில் உள்ள பொத்தானை அமத்தினால் அங்கே அது எரியும். அவன் தன்னுடையதை அமத்தினால் உங்கள் சாமியறையில் ஒன்று எரியும். பொங்கல் முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் எரியும்.

இரண்டு ஈ.எஸ்.பி.32 பலகைகள் (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), இரண்டு பொத்தான்கள், கொஞ்சம் எல்.ஈ.டி., இவ்வளவுதான் சாமான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் தேடலாம். பலகைகள் இணையத்தில் செய்தி பரிமாற எம்.கியூ.டி.டி. என்ற முறை போதும். எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க 1999இல் உருவாக்கிய முறை அது, மெலிந்த இணைப்பிலும் ஓடும். செய்தியை 'ரிட்டெய்ன்' என்று குறித்து அனுப்பச் சொல்லுங்கள், கடைசிச் செய்தியை இடையிலுள்ள சேவையகம் வைத்திருக்கும். அவன் அறை இணைப்பு அறுந்து திரும்பி வந்தாலும், இங்கே விளக்கு எரிகிறதா என்று அவன் விளக்குக்கு உடனே தெரியவரும்.

மகள் இடறப்போகும் இடம் வைஃபை. பல்கலைக்கழக விடுதிகளில் அநேகமாக எடியூரோம் என்ற பல்கலைக்கழக வைஃபை இருக்கும். அது கடவுச்சொல்லோடு பயனர் பெயரும் கேட்கும். பலகையால் அதில் இணைய முடியும், ஆனால் அமைப்பது தலைவலி. மகனின் போன் ஹொட்ஸ்பொட்டில் போடுவது சுலபம். ஹொட்ஸ்பொட்டை 2.4 கிகாஹேர்ட்ஸில் வைக்கவேண்டும்; சாதாரண ஈ.எஸ்.பி.32க்கு 5 கிகாஹேர்ட்ஸ் தெரியாது.

சித்திரை வருடப்பிறப்புக்கும் இதே ஏற்பாடு ஓடும், நேரத்தை மட்டும் திருத்துங்கள். ஏப்ரல் முதல் ஞாயிறோடு அங்கே கோடைகால நேரம் முடிகிறது, வித்தியாசம் நாலரை மணித்தியாலமாகும். பெரியவர்கள் அன்று கையில் கொடுக்கும் கைவிசேஷக் காசை மட்டும் வங்கிக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். அது மாதச் செலவுக் காசோடு கலந்துவிடும். அப்பா வெற்றிலையில் வைத்துக் கும்பிட்ட தாளை ஒரு உறையில் போட்டு, வருடத்தை எழுதி, சாமிப்படத்துக்குப் பின்னால் வைக்கட்டும். அவன் அதை கோலில் பார்க்கட்டும். வந்திறங்கும்போது எத்தனை உறை சேர்ந்திருக்கிறதோ அத்தனையும் அவன் கையில்.

விளக்கை அனுப்பும்போது யூ.எஸ்.பி. வயரோடு மட்டும் அனுப்புங்கள். அங்கே பிளக் வேறு வடிவம். அவனுடைய போன் சார்ஜரே போதும்.