காய்ச்சலோடு உளறலும் சேர்ந்தால்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

தம்பிக்கு 22 வயது. ஐந்து நாளாகக் காய்ச்சல். நேற்று இரவிலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறான். டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. வெறும் ஜன்னிதானே?

'வெறும்' என்று சொல்லாதீர்கள். இப்போதே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், அப்புறம் மலேரியா. கூடவே உடம்பு முழுக்கத் துணியை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கல்லூரி மாணவனுக்கு மூன்று நாளாகக் காரணம் பிடிபடவில்லை. உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் கையைத் தூக்கியபோது, அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியோ அரிப்போ இல்லாததால் அவனுக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ்! புதரில் இருக்கும் மிகச்சிறிய பூச்சி கடித்து வருவது. தமிழ்நாட்டில் மழை, குளிர் மாதங்களில் அதிகம். டாக்சிசைக்ளின் கொடுத்தோம், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. தொடையிடுக்கு, பெண்களுக்கு மார்பின் அடிப்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் இடுப்பு விழுந்துவிடுமா?

விழாது. தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்கும் கீழேதான் ஊசி இறங்கும். சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான். மூளையில் வீக்கம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். பாக்டீரியாவா, காசநோயா, ஹெர்பிஸ் வைரஸா என்று, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் அந்த நீர்தான் பிரித்துக் காட்டும். ஹெர்பிஸ் சந்தேகம் என்றால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ஏற்றத் தொடங்குவோம். தாமதித்தால் மூளைக்குச் சேதம். அதனால் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.

தங்கைக்கு 19 வயது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறாள், வாய் கோணிக்கோணி இழுக்கிறது. கோயிலில் மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

சாமி கும்பிடுங்கள், ஆனால் நரம்பியல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். உடம்பின் எதிர்ப்புப் புரதமே மூளையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி என்று 2007இல் அடையாளம் கண்டார்கள். இளம்பெண்களில் சிலருக்குக் கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சூலகத்தில் கட்டி இருக்கும். அதை எடுத்துவிட்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

"பையன் போதை ஏதாவது எடுப்பானா?" என்று டாக்டர் கேட்டது அவமானமாக இருந்தது.

எல்லோரிடமும் கேட்பதுதான். குடியைத் திடீரென நிறுத்தினாலும் இப்படி உளறல் வரும். தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். சில மாதத்துக்கு முன் நாய் பிறாண்டியிருந்தால் அதையும்; ரேபிஸாகவும் இருக்கலாம்.