ஒரு லைன் எழுதிப் போடுங்க

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி ‘லைன்’ என்றால் என்ன என்று கேட்டாள். கோடு என்றேன். “நாடகத்துல லைனை மறந்துட்டேன்னு மிஸ் திட்டினாங்க. நான் எந்தக் கோட்டை மறந்தேன் தாத்தா?” என்கிறாள். அகராதியைப் பிரித்தால் பத்தி பத்தியாகப் போகிறது. இதில் எதைத்தான் சரியான பொருள் என்று சொல்வது?
- ஒரு தாத்தா, ஆத்தூர்

உங்கள் பேத்தி தேவலை. நான் அந்தச் சொல்லை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது கோடே போடவில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள் நான். நீளமாக ஒரே ஓட்டுக்கூரை, அதன்கீழ் பத்து வீடு, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அடுத்த வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். ஆங்கிலப் பாடம் ஆரம்பித்த புதிதில் டீச்சர் “டிரா எ லைன்” என்றார். எல்லாரும் ஸ்கேலை எடுத்தார்கள். நான் பத்துக் கதவும், கூரையும், வாசலில் ஒரு கோழியும் வரைந்து கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் அதைப் பக்கத்து வகுப்புக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டினார். அப்புறம் நானே சேலத்தில் ஆங்கில டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். கோழி மட்டும் மறக்கவில்லை.

அகராதியில் முதலில் அச்சிட்டிருப்பதுதான் சரியான பொருள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும். ஆளிச் செடிக்கு லத்தீனில் லினும் என்று பெயர். உடம்புக்கு நல்லது என்று இப்போது பொடி பண்ணிச் சாப்பிடுகிறோமே ஆளிவிதை, அதே செடிதான். அதன் நாரில் திரித்த நூல் லினெயா. லைன் அதிலிருந்து வந்தது. நூலை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும், அது கோடு. அந்தக் கோட்டில் ஆட்களை நிறுத்தினால் வரிசை, வீடுகளைக் கட்டினால் லைன் வீடு, எழுத்துகளை நிறுத்தினால் வரி. அந்த வரியை மேடையில் ஒருவர் பேச வேண்டியிருந்தால் வசனம். உங்கள் பேத்தி மறந்தது இந்தக் கடைசி லைனை.

லினன் சட்டையும், தச்சர்கள் மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெயும் இந்தக் குடும்பம்தான். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் டெய்லர் “லைனிங் வைக்கணுமாக்கா?” என்று கேட்கிறாரே, அதில் கோடும் இல்லை, வரிசையும் இல்லை. அந்தக் காலத்தில் கோட்டுக்கு உள்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்தார்கள், அந்தப் பெயர் நின்றுவிட்டது. இப்போது பருத்தியை வைத்தாலும் லைனிங்தான். லாரிப் பட்டறையில் பிரேக்குக்கு லைனிங் மாற்றுகிறார்களே, அதில் துணியே கிடையாது!

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. கொத்தனார் சுவர் எழுப்பும்போது “நூல் புடி” என்கிறார். நாம் படிப்பதும் நூல்தான். தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல மனிதர் மனக் கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் எழுதிவைத்திருக்கிறார். லத்தீன்காரர்களும் நாமும் பேசிவைத்துக்கொள்ளாமலே நூலிலிருந்து எழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். பேத்தியிடம் ஒரு நூல்கண்டைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ‘லைன்ல இருக்கார்’ என்கிறோம். ஆங்கிலேயர் கேட்டால் புரியுமா?
- ஒரு வாசகர், சங்ககிரி

டெலிபோன் என்றால் புரியும். ஆனால் உங்கள் ஊரில் லாரி ஓட்டுகிறவர் வீட்டில் “அவர் லைன்ல இருக்கார்” என்றால், வண்டியோடு வடக்கே எங்கேயோ போயிருக்கிறார், வர நாளாகும் என்று அர்த்தம். அதே தெருவில் தினவசூல் பைனான்ஸ்காரர் “இன்னைக்கு எந்த லைன்?” என்று கேட்டால் எந்தப் பக்கத்துக் கடைகளுக்கு வசூலுக்குப் போகிறார் என்று. பையன் ஒருவன் லைன் போடுகிறான் என்றால் அது வேறு வசூல். விளக்கம் வேண்டாம். மின்சாரம் போனால் கூப்பிடுகிற லைன்மேனை மட்டும் அவர்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி, லைன்ஸ்மேன் என்று சொல்வார்கள்.

‘லைன் கிளியர்’ என்கிறோமே, அது சுத்தமான ரயில்வே சொல். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு வண்டிதான் போகலாம். அந்தக் காலத்தில் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் பாதை காலி என்று ஒப்புக்கொண்டால்தான் இந்தப் பக்கத்துக் கருவியிலிருந்து டோக்கன் பந்து வெளியே வரும். அதை ஒரு பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். நிற்காமல் போகிற வண்டியின் டிரைவர் கையை நீட்டி வளையத்தை மாட்டிக்கொண்டு போவார். சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் மீட்டர் கேஜ் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த வளையம் கைமாறுவதைப் பார்ப்பதற்காகவே தலையை வெளியே நீட்டி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் சம்மதித்ததும் “லைன் கிளியர்” என்கிறார்களே, சரியாகத்தான் சொல்கிறார்கள். எதிரே இன்னொரு வண்டி வரவில்லை என்று உறுதியாக வேண்டும் அல்லவா?

கேள்வி: இலங்கை மலையகத்திலிருந்து வந்த உறவினர்கள் லைன் வீட்டை ‘லயம்’ என்கிறார்கள். தாளத்தில் வரும் லயமா?
- ஒரு வாசகி, ஏற்காடு

இல்லை அம்மா. தேயிலைத் தோட்டத்து லைன்தான் அங்கே லயன், லயம் என்று தமிழாகிவிட்டது. காதில் சங்கீதம் மாதிரி விழுகிறது, உள்ளே போய்க் குடியிருந்தால் தெரியும். அவர்கள் அறையைக் காம்பரா என்றும் சொல்லுவார்கள், அது போர்த்துக்கீசியம். நம் வீட்டு அலமாரியும் சாவியும் அந்தக் கப்பலில் வந்தவைதான்.

கேள்வி: கிரிக்கெட்டில் ‘லைன் அண்ட் லெங்த்’?
- ஒரு மாணவர், தாரமங்கலம்

லைன் என்றால் பந்து ஸ்டம்புக்கு நேராக வருகிறதா, விலகி வருகிறதா என்பது. லெங்த் என்றால் எவ்வளவு தூரத்தில் தரையில் குத்துகிறது என்பது. நம் சின்னப்பம்பட்டி நடராஜன் போடும் யார்க்கரைப் பாருங்கள்: லைன் ஸ்டம்புக்கு, லெங்த் ஆட்டக்காரரின் பாதத்துக்கு. 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அவர் அறிமுகமானார். அதற்குமேல் விளக்கம் வேண்டுமானால் அந்த ஊர் மைதானத்தில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: ‘டெட்லைன்’ என்பதில் செத்துப்போனது யார்?
- ஒரு வாசகர், மேட்டூர்

கைதிகள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உள்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு வேலி ஓடியது. அதைத் தாண்டிய கைதியைக் காவலர்கள் சுட்டுவிடலாம். அதற்குப் பெயர் டெட்லைன். பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் அதைக் கெடு தேதிக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பத்தியை நான் தாமதமாக அனுப்பும்போதெல்லாம் ஆசிரியர் குழுவிலிருந்து வரும் போனை நினைத்தால் பழைய பொருளே பொருத்தம் என்று படுகிறது.

கேள்வி: ஒரு சொல்லுக்கு நூறு பொருள் வைத்துக்கொண்டு குழப்புவது ஆங்கிலம்தான். தமிழில் இப்படியா இருக்கிறது?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறித் திருச்செங்கோடு போங்கள். செங்கோடு என்றால் சிவப்புக் கோடா? கோடு என்பதற்கு மலையுச்சி என்று ஒரு பொருள், விலங்கின் கொம்பு என்று இன்னொன்று. புலியின் மேல் இருப்பதும் வரி, நீங்கள் மாநகராட்சிக்குக் கட்டுவதும் வரி, இங்கே படித்துக்கொண்டிருப்பதும் வரி. அடி இன்னும் மோசம்: காலின் அடி, பானையின் அடி, 12 அங்குலம், வாத்தியார் கொடுப்பது, குறளில் இரண்டு இருப்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலச் செய்யுளில் ஃபுட் என்று ஒன்று வரும். பாதம்தானே என்று அதை அடி என்று மொழிபெயர்த்த மாணவிகளுக்கு நிறையச் சிவப்பு மை செலவழித்திருக்கிறேன். அது நம் சீருக்குச் சமம். நம் அடிக்குச் சமம் அவர்களுடைய லைன்.

கேள்வி: வகுப்பில் பேசியதற்கு மிஸ் 100 லைன் எழுதச் சொன்னார்கள். இதுவும் அதே லைனா?
- ஒரு மாணவி, அம்மாபேட்டை

அதே லைன்தான் கண்ணு. இங்கே இம்போசிஷன் என்போம், இங்கிலாந்துப் பள்ளிகளில் லைன்ஸ் என்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். உன் ஊர்ப் பெண் ஒருத்தி, வீட்டில் தறி, “ஐ வில் நாட் டாக் இன் கிளாஸ்” என்று 50 தடவை எழுத வேண்டும். ‘ஐ’யை மேலிருந்து கீழாக 50 தடவை எழுதினாள். அப்புறம் அதன் பக்கத்தில் ‘வில்’ 50 தடவை. பாவு நீட்டுகிற மாதிரி. நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டாள்.