வட்டுக்கு விலையா, படத்துக்கு விலையா?

கேள்வி: அச்சு, உறை, பெட்டி, கடை எதுவும் தேவைப்படாத டிஜிட்டல் படத்தின் விலை, பல நேரங்களில் புளூ-ரே வட்டின் (டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் வட்டு) விலையை நெருங்கி நிற்பது ஏன்? உண்மையில் எது மலிவு?

பதில்: வட்டை அச்சடிக்க ஆகும் செலவு, நாம் கொடுக்கும் விலையில் மிகச் சிறிய பங்குதான். பெரும்பகுதி உரிமைத்தொகைக்கும் விளம்பரத்துக்கும், விநியோகஸ்தர், கடைக்காரர் ஆகியோரின் பங்குக்கும் போய்விடுகிறது. டிஜிட்டலில் கடைக்காரரின் இடத்தில் இணையத்தளம் அமர்ந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. யாரிடம் விற்கிறோம் என்பதைப் பார்த்தே விலை வைக்கப்படுகிறது. 1980களில் அமெரிக்காவில் பல புதுப் படங்களின் விஎச்எஸ் வீடியோ நாடா, வாடகைக் கடைகளை மனத்தில் வைத்து 80 டாலரை ஒட்டி விற்கப்பட்டது. 1997இல் அங்கு அறிமுகமான டிவிடியோ, வாங்கி வீட்டில் வைத்துக்கொள்பவரை நம்பி அதைவிட மிகக் குறைந்த விலையில் வந்தது.

மலிவு எது என்று பார்க்கும்போது பலரும் விட்டுவிடுவது மறுவிற்பனையைத்தான். வட்டை விற்கலாம், இரவல் தரலாம். விற்றுக் கிடைக்கும் தொகையைக் கழித்த பிறகு மிஞ்சுவதே அதன் உண்மையான விலை. டிஜிட்டலில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினாலும் கிடைப்பது பெரும்பாலும் பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. அதைக் கைமாற்ற வழியில்லை. இதை விற்பனையின்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது. வாங்கிய படங்களைச் சேமித்து வைக்க உதவிய அல்ட்ராவயலட் சேவை 2019 ஜூலையில் மூடப்பட்டது. தங்கள் கணக்கை வேறு தளங்களோடு முன்கூட்டியே இணைத்திருந்தவர்கள் பெருமளவு தப்பித்தார்கள்.

தரத்தையும் விலையோடு சேர்த்தே எடைபோட வேண்டும். 66 அல்லது 100 ஜிபி கொள்ளும் 4கே வட்டு (புளூ-ரேயிலேயே இன்னும் தெளிவான வகை), நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் தரவைத் தர வல்லது. இணையத்தில் ஓடும் 4கே படம் பொதுவாக அதில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. பெரிய திரையில், இருட்டுக் காட்சிகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் வட்டை ஓட்டத் தனிக் கருவி வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று வட்டு மட்டுமே வாங்குபவருக்கு அந்தக் கருவியின் விலையே ஒவ்வொரு படத்தின் தலையிலும் கனமாக ஏறிவிடும்.

ஆகவே, ஒரே முறை பார்க்கும் படத்துக்கு டிஜிட்டல் வாடகையை மிஞ்ச எதுவும் இல்லை. பார்க்கத் தொடங்கியபின் பொதுவாக 48 மணி நேரம் கிடைக்கும், அது போதும். மாதம் முழுக்கப் பல படங்கள் பார்ப்பவருக்குச் சந்தாவே லாபம். திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் என்றால், வெளியாகிச் சில மாதங்கள் பொறுத்திருந்து, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய வட்டாக வாங்குவதையே நான் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: அப்படியானால் வீட்டிலுள்ள டிவிடிகளைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். புளூ-ரே கருவிகள் பொதுவாக டிவிடியையும் ஓட்டும். வேறு எந்த வடிவத்திலும் வராத படங்கள் அவற்றில் இருக்கக்கூடும். புதிதாக வாங்குவதென்றால் மட்டும், விலை வித்தியாசம் சிறிதாக இருக்கும்போது புளூ-ரேயையே எடுங்கள்.